பெரியப்பாவின் பழைய ஜீப்பைப் புதிதாகக் கட்டினால் ஆர்.சி. செல்லுமா?

கடையம் பக்கமிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "அண்ணாச்சி, பெரியப்பா தவறிப்போய் ரெண்டு வருசம் ஆச்சு. அவரோட 1988 மாடல் மகிந்திரா ஜீப் தோட்டத்துல துருப்பிடிச்சுக் கிடக்கு. ஆர்.சி. புக் இருக்கு, ஆனா புதுப்பிச்சு ரொம்ப வருசம் ஆச்சு. பாளையங்கோட்டையில ஒரு பட்டறைக்காரர், பாடியைப் புதுசாக் கட்டி, வேற கம்பெனி டீசல் எஞ்சின் வச்சு, அந்தக் கால அமெரிக்க வில்லிஸ் ஜீப் மாதிரியே ஆக்கித் தர்றேங்கார். ஒரு புரோக்கர், வடக்கே டப்வாலியில கட்டின ரெடி ஜீப்பை ஆர்.சி.யோடயே தர்றேங்கார். எதை வாங்கலாம்? ஓட்டப்போறது தோட்டத்துக்குள்ளதான்."

தம்பி, சந்தேகமே வேண்டாம், பெரியப்பா ஜீப்தான். ஆனால் பட்டறைக்காரர் சொல்லும் வழியில் அல்ல.

நம் நாட்டில் 'பட்டறையில் கட்டிய வண்டி' என்று தனியாக ஒரு பதிவு வகை கிடையாது. சில வெளிநாடுகளில் வீட்டுக் கொட்டகையில் கட்டிய காரைக்கூட அதிகாரி வந்து பார்த்து நம்பர் கொடுத்துவிடுவார். இங்கே மத்திய மோட்டார் வாகன விதி 126-ன்படி ஒவ்வொரு மாடலின் முதல் வண்டியும் புனே ஏ.ஆர்.ஏ.ஐ., ஒரகடம் ஜி.ஏ.ஆர்.சி. போன்ற அங்கீகாரம் பெற்ற நிலையத்தில் சோதனையில் தேற வேண்டும். அதன் பிறகுதான் தயாரிப்பாளர் 'சாலையில் ஓடத் தகுதியானது' என்று படிவம் 22 கொடுக்க முடியும். படிவம் 20-ல் புதுப் பதிவு கேட்கும்போது அந்த 22-ஐயும் கேட்பார்கள். எவ்வளவு கைதேர்ந்த பட்டறையாலும் அந்தக் காகிதத்தைத் தர முடியாது.

அதனால் புதிதாகச் செய்த சேசிஸுக்கு, அதாவது வண்டியின் அடிச்சட்டத்துக்கு, நம்பர் வாங்க வழியில்லை. ஏற்கெனவே பதிவான சேசிஸை வைத்துக்கொண்டு, ஆர்.சி.யில் உள்ளபடியே வண்டியைச் சீர்செய்வது ஒன்றுதான் நேர்வழி.

டப்வாலி ஜீப்பில் சிக்கல் இங்கேதான் வருகிறது. பஞ்சாப் – அரியானா எல்லையில் உள்ள அந்த ஊர் ஜீப் கட்டுவதற்குப் பேர்போனது. வேலைத்திறனை நான் குறை சொல்லவில்லை. ஆனால் வண்டி புதிது, ஆர்.சி. பழையது என்றால் அந்த ஆர்.சி.க்கு உரிய வண்டி எங்கே போனது? பெரும்பாலும் எங்கோ காயலான் கடையில் உடைபட்டிருக்கும். அதன் நம்பரைப் புதுச் சேசிஸில் அடித்திருப்பார்கள். "நம்பர் அடிச்சுத் தர்றோம்" என்று யார் சொன்னாலும் அந்த இடத்தை விட்டு வந்துவிடுங்கள். அது பதிவுக் குறை அல்ல, போலீஸ் வழக்கு. உடைபட்டது திருட்டு வண்டி என்றால், பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

எந்தப் பழைய ஜீப்பாக இருந்தாலும் பேரம் பேசும் முன் சேசிஸ் நம்பரை உங்கள் கண்ணால் பாருங்கள். டேஷ்போர்டு பக்கம் உள்ள தகடு கணக்கில் சேராது, அதை யாரும் மாற்றி ரிவெட் அடிக்கலாம். சேசிஸின் இரும்பிலேயே குத்தியிருக்கும் எண்தான் முக்கியம். பஞ்சில் தின்னர் நனைத்து மண்ணையும் பெயிண்டையும் துடைத்தெடுங்கள். எண்ணைச் சுற்றி மட்டும் கிரைண்டர் ஓடிய கோடு தெரிகிறதா? எழுத்துகள் ஏறி இறங்கி நிற்கின்றனவா? அந்தத் துண்டை மட்டும் வெட்டி ஒட்டிய வெல்டிங் தடம் உள்ளே, அடிப்பக்கம் இருக்கிறதா? கை விட்டுத் தடவிப் பார்த்தாலே தெரியும். அப்புறம் மெல்லிய தாளை மேலே வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரிண்ட் எடுத்து, ஆர்.சி.யோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பாருங்கள். பெரியப்பா ஜீப்பிலும் முதல் வேலை இதுதான். துரு தின்று எண் படிக்க முடியாமல் போயிருந்தால் நீங்களாக எதையும் குத்தாதீர்கள். ஆர்டிஓவிடம் எழுதிக் கொடுத்து, அவர் உத்தரவுப்படிதான் செய்ய வேண்டும்.

அடுத்தது காகிதம். 1988 வண்டி என்பதால் விவரம் கணினியில் ஏறாமல் இருக்கலாம். மத்திய அரசின் 'பரிவாகன்' இணையதளத்தில் நம்பரைப் போட்டுப் பாருங்கள். வரவில்லை என்றால் அசல் ஆர்.சி.யோடு, பதிவு செய்த அலுவலகத்தில் 'பேக்லாக் என்ட்ரி', அதாவது பழைய பதிவைக் கணினியில் ஏற்றித் தரும்படி, கேளுங்கள். 2019-ல் தென்காசி தனி மாவட்டமானதால் கடையம் இன்று தென்காசி மாவட்டம். ஆனால் பழைய பதிவேடு திருநெல்வேலியில் இருக்க வாய்ப்பு அதிகம்.

பெயர் மாற்றத்துக்குப் படிவம் 31, இறப்புச் சான்று, தாசில்தார் தரும் வாரிசுச் சான்று வேண்டும். வாரிசு பெரியம்மாவும் அவர் பிள்ளைகளும்தானே. அவர்கள் சம்மதம் எழுத்தில் இல்லாமல் உங்கள் பெயருக்கு வராது. உரிமையாளர் இறந்த மூன்று மாதத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. தாமதத்துக்கு அபராதம் கட்ட வேண்டியிருக்கும். இது முடிகிற வரை பட்டறைக்கு ஒரு ரூபாய் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

செலவையும் இப்போதே கணக்குப் பாருங்கள். 20 வருடம் தாண்டிய கார், ஜீப்புக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாய் ஆனது. தாமதத்துக்கு மாதம் 500 ரூபாய் தனி. பசுமை வரியும் உண்டு. புதுப்பித்தால் ஐந்து வருடம் ஓட்டலாம்.

சரி, வேலைக்கு வருவோம். மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52, வண்டியின் அடிப்படை அம்சம் மாறும்படி அமைப்பை மாற்றக் கூடாது என்கிறது. பக்கத்துக் கேரளத்தில் ஓர் ஆர்டிஓ நடத்திய வழக்கில், கம்பெனி கொடுத்த அளவிலிருந்து மாறுபடும் மாற்றம் செல்லாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனவே துருப்பிடித்த பாடியைக் கழற்றி அதே மாதிரிப் பாடி வைப்பது பழுதுபார்ப்பு, தைரியமாகச் செய்யலாம். வில்லிஸ் உருவத்துக்காகச் சேசிஸை வெட்டிச் சுருக்குவது, இருக்கை எண்ணிக்கையை மாற்றுவது எல்லாம் குற்றம். பிரிவு 182ஏ-யில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ வரலாம். நிறம் மாற்றினாலும் ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும்.

வேறு கம்பெனி எஞ்சின் யோசனையை விட்டுவிடுங்கள். உங்களுடையது எம்.எம். 540 என்றால் அதில் 2.1 லிட்டர் பிஜோ டீசல் எஞ்சின் இருக்கும். அதையே பிரித்து வேலை பார்ப்பது முதல் தேர்வு. தேறாது என்றால் அதே ரக எஞ்சின் தேடுங்கள். பில்லும், அது எந்த வண்டியிலிருந்து வந்தது என்பதற்கான ஆர்.சி. நகலும் வாங்குங்கள். ஆர்டிஓ அனுமதி முதலில், மாற்றுவது பிறகு. மாற்றிவிட்டுப் போய் நின்றால் பிரேக் இன்ஸ்பெக்டர் எஞ்சின் நம்பரைப் பார்த்ததுமே திருப்பி அனுப்புவார்.

ஐம்பது வருடம் தாண்டிய வண்டிகளுக்கான 'விண்டேஜ்' பதிவு உங்களுக்குப் பொருந்தாது. வயதும் போதாது, எஞ்சினும் பாடியும் அசலாக இருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை.

"தோட்டத்துக்குள்ளதான்" என்ற நினைப்பையும் மாற்றிக்கொள்ளுங்கள். பிரிவு 39 பொது இடத்தோடு நிற்கவில்லை, 'வேறு எந்த இடத்திலும்' பதிவில்லாமல் ஓட்டக் கூடாது என்கிறது. வேலையாட்களை ஏற்றிக்கொண்டு போகும்போது ஜீப் கவிழ்ந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் கேட்பது ஆர்.சி.யைத்தான்.

கடைசியாக, புதுப்பிப்பு ஆய்வுக்கு ஜீப்பை ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். ஆர்.சி. காலாவதியான வண்டி அது, லாரியில் ஏற்றிப் போங்கள். மூன்றாம் நபர் இன்சூரன்ஸ், புகைச் சான்று, புதுப்பிப்புக்கான படிவம் 25, சேசிஸ் பென்சில் பிரிண்ட், எஞ்சின் பில், அனுமதிக் கடிதம் எல்லாம் ஒரே கவரில் இருக்கட்டும். ஹார்ன், வைப்பர், கைபிரேக், நான்கு இன்டிகேட்டர், பின்பக்கச் சிவப்பு ரிஃப்ளெக்டர் ஆகியவற்றை முந்தின நாளே இயக்கிச் சரிபாருங்கள். பழைய ஜீப்புகளைப் பெரும்பாலும் திருப்பி அனுப்பவைப்பது கைபிரேக்தான்.