பேக்ஸ்ட்ரீட் பாய்ஸ் முதல் ஆல்பம்: கேசட்டில் ஒரு பட்டியல், ஆப்பில் வேறு பட்டியல், ஏன்?

உங்கள் அண்ணன் அந்தக் காலத்தில் மதுரை டவுன்ஹால் ரோட்டில் வாங்கிய கேசட்டில் ‘ஆஸ் லாங் ஆஸ் யூ லவ் மீ’ பாட்டு இல்லை, ஆப்பில் இருக்கிறது, அப்படியானால் கேசட் டூப்ளிகேட்டா என்று கேட்கிறீர்கள். அதை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது. குழுவின் பெயரிலேயே இரண்டு ஆல்பங்கள் உண்டு.

1993-இல் அமெரிக்காவின் ஆர்லாண்டோவில் உருவான ஐவர் பாட்டு அணி இது. 1995-இல் வந்த முதல் சிங்கிள் (தனியாக வெளியிடும் பாட்டு) சொந்த நாட்டில் எடுபடவில்லை. ஜெர்மனியில் பிய்த்துக்கொண்டு போனது. அதனால் 1996-இல் முதல் ஆல்பத்தை அமெரிக்காவை விட்டுவிட்டு மற்ற நாடுகளில் இறக்கினார்கள். 1997 ஆகஸ்டில் அதிலிருந்து சில, உலகச் சந்தைக்கான இரண்டாவது ஆல்பத்திலிருந்து சில என்று பொறுக்கி, அதே பெயரில் அமெரிக்காவுக்குத் தனியாக ஒன்று போட்டார்கள். நீங்கள் தேடும் பாட்டு அந்த இரண்டாவது ஆல்பத்துச் சரக்கு, அதனால் அமெரிக்கப் பதிப்பில் உண்டு, 1996 ஆல்பத்தில் கிடையாது.

கேசட் அட்டையை உருவிப் பாருங்கள். பொடி எழுத்தில் 1996 என்றிருந்து, பட்டியலில் ‘பாய்ஸ் வில் பி பாய்ஸ்’ இருந்தால் அதுதான் முதல் பதிப்பு. என்னைக் கேட்டால் அமெரிக்கப் பதிப்பே மேல். முதலாவதில் பாதி இட்டு நிரப்பியது. அப்புறம், போடுவதற்கு முன் டெக்கில் டேப் உரசும் ஹெட்டைப் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்துவிடுங்கள், நம்ம ஊர்ப் புழுதி அப்படி.