எந்திரங்களை மட்டுமே வைத்து வலிமைப் பயிற்சியைத் தொடங்கலாமா?

பார்பெல், டம்பெல் பக்கம் போகத் தயங்கும் புதியவருக்கு ஜிம்மில் உள்ள எந்திரங்கள் மட்டும் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதும் என்பதே என் பதில். நானும் எந்திரங்களிலேயே பயிற்சி செய்து வருபவன்தான். எந்திரம், கட்டற்ற எடை (பார்பெல், டம்பெல் போன்றவை) இரண்டையும் ஒப்பிட்ட ஆய்வுகளைத் தொகுத்து 2023இல் வெளியான ஓர் ஆய்வுரை, தசை வளர்ச்சியில் இரண்டுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்றும், எதில் பயிற்சி செய்கிறோமோ அதில் வலிமை சற்றுக் கூடுதலாகத் தெரியும் என்றும் கண்டது. ஆகவே பார்பெல்லைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுவது உங்கள் குறிக்கோள் என்றால் அதைத்தான் பழக வேண்டும். படியேறும்போது கால் தளரக் கூடாது, அரிசி மூட்டையைத் தூக்க வேண்டும் என்பதுதான் தேவை என்றால் எந்திரங்களே தாராளம்.

நம் ஊர் ஜிம்களில் சேர்ந்த முதல் வாரமே 'இன்று செஸ்ட், நாளை பேக்' என்று ஒவ்வொரு நாளுக்கும் ஓர் உறுப்பைப் பிரித்துக் கொடுப்பதை நான் ஏற்பதில்லை. புதியவருக்கு வாரத்தில் இரண்டு அல்லது மூன்று நாள், இடையில் ஒரு நாளாவது ஓய்வு விட்டு, ஒவ்வொரு முறையும் முழு உடலுக்கும் பயிற்சி என்பதே பொருத்தம். லெக் பிரஸ் (காலால் தள்ளுவது), லெக் கர்ல் (முழங்காலை மடக்குவது), செஸ்ட் பிரஸ் (கையால் முன்னே தள்ளுவது), சீட்டட் ரோ (உட்கார்ந்து தன்னை நோக்கி இழுப்பது), லாட் புல்டவுன் (மேலிருந்து கீழே இழுப்பது) ஆகிய ஐந்தும் உடலின் பெரிய தசைகள் பெரும்பாலானவற்றைத் தொட்டுவிடும். ஒவ்வொன்றிலும் இரண்டு செட் (இடைவிடாமல் செய்யும் சுற்று), செட்டுக்கு 8 முதல் 12 முறை போதும்.

எடையைவிட முதலில் கவனிக்க வேண்டியது இருக்கையைத்தான். எந்திரம் நகரும் பாதையை அதை வடிவமைத்தவர் முன்பே தீர்மானித்துவிட்டார். அந்தப் பாதைக்கு உங்கள் மூட்டுகள் பொருந்துமாறு உட்காரும் வேலை மட்டுமே உங்களுடையது. அதைச் செய்யாமல் முன்னால் இருந்தவர் விட்டுச்சென்ற உயரத்திலேயே அமர்ந்தால், முழங்காலுக்கும் தோளுக்கும் வேண்டாத சுமை ஏறும். லெக் கர்லில் எந்திரத்தின் கை சுழலும் அச்சு உங்கள் முழங்கால் மூட்டுக்கு நேராக இருக்க வேண்டும். செஸ்ட் பிரஸ்ஸின் கைப்பிடிகள் தோளுக்கு நேராக அல்லாமல், மார்பின் நடுப்பகுதிக்கு நேராக இருக்கட்டும். லெக் பிரஸ்ஸில் முழங்கால் மடங்கி வரும்போது இடுப்பு இருக்கையிலிருந்து மேலெழுந்தால் அளவுக்கு மீறி உள்ளே வந்துவிட்டீர்கள் என்று பொருள். இருக்கையை ஓர் அடுக்கு பின்னால் தள்ளுங்கள். லாட் புல்டவுனின் கம்பியைக் கழுத்துக்குப் பின்னால் இழுக்காமல் மேல்மார்பை நோக்கி இழுப்பதே தோளுக்குப் பாதுகாப்பானது. சரியாக அமைந்த இருக்கை எண்களைக் கைப்பேசியில் குறித்துக்கொண்டால், அடுத்த முறை டிரெய்னரைத் தேட வேண்டியதில்லை.

எடை தேர்வு எளிது. 10 முறை முடித்த பின்னும் இன்னும் இரண்டு முறை செய்யலாம் என்று தோன்றும் எடையில், எடைத்தட்டுகளைத் தேர்ந்தெடுக்கும் ஊசியைச் செருகுங்கள். திட்டமிட்டதைவிட ஓரிரு முறை கூடுதலாகச் செய்ய முடிகிறபோது 2 முதல் 10 சதவீதம் வரை ஏற்றலாம் என்பது அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி என்ற வல்லுநர் அமைப்பு 2009இல் தந்த வழிகாட்டல். ஒரு ஜிம்மில் 40 கிலோ இழுத்தவர் இன்னொரு ஜிம்மில் 30 கிலோவுக்கே திணறினால் பலம் போய்விட்டதென்று கவலைப்பட வேண்டாம்; கயிறு ஓடும் கப்பிகளின் அமைப்பு எந்திரத்துக்கு எந்திரம் மாறுவதால், தட்டில் எழுதியிருக்கும் எண்ணும் கைக்குத் தெரியும் சுமையும் ஒன்றாக இருப்பதில்லை.

முதல் சில வாரங்களில் பலம் வேகமாகக் கூடும். அதில் பெரும்பகுதி நரம்புகள் தசையை இயக்கக் கற்றுக்கொள்வதால் வருவது. ஆகவே கண்ணாடியில் மாற்றம் தெரியவில்லை என்று நிறுத்திவிடாதீர்கள். வயதும் தடையில்லை: 1990இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், முதியோர் இல்லத்தில் வாழ்ந்த சுமார் 90 வயதினர் கப்பியில் கட்டிய எடையைக் கொண்டு எட்டு வாரம் பயிற்சி செய்தபோது, அவர்களின் தொடை வலிமை சராசரியாக 174 சதவீதம் கூடியது.

தள்ளும்போதும் இழுக்கும்போதும் மூச்சை வெளியே விடுங்கள். மூச்சை அடக்கினால் இரத்த அழுத்தம் சட்டென்று ஏறும் என்பதால், அழுத்தத்துக்கு மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரிடம் கேட்ட பிறகே தொடங்க வேண்டும். பயிற்சிக்கு மறுநாளும் அதற்கடுத்த நாளும் தசை வலிப்பது இயல்பு. மூட்டுக்குள் சுருக்கென்று குத்தும் வலி வந்தால் அப்போதே நிறுத்தி இருக்கையை மாற்றிப் பாருங்கள். அப்போதும் வலித்தால் அந்த எந்திரத்தை விட்டுவிட்டு, அதே தசைக்கான வேறொன்றுக்குப் போய்விடலாம்.