முட்டிவலியோடு பிராக் கோட்டைக்குப் போக முடியுமா?

கேள்வி: பெர்லினில் வேலை பார்க்கிறேன். ஊரிலிருந்து அப்பா, அம்மா வந்திருக்கிறார்கள். அக்டோபரில் ஒரு வெள்ளிக்கிழமை மதியம் ரயிலில் பிராக் போய்ச் சேர்ந்து, ஞாயிறு மாலை திரும்பலாம் என்று எண்ணம். அம்மாவுக்கு முட்டிவலி, படி என்றாலே தயங்குவார். இருவரும் சைவம், முட்டையும் சாப்பிட மாட்டார்கள். கோட்டை மலைமேல் இருக்கிறதாமே, சரிப்படுமா? எந்த நாளில் எதைப் பார்ப்பது?

பதில்: தாராளமாகப் போகலாம். பெற்றோரின் ஷெங்கன் விசா செக் நாட்டுக்கும் செல்லும், தனியாக எதுவும் வாங்க வேண்டாம். பாஸ்போர்ட் மட்டும் கையில் இருக்கட்டும், எல்லையில் ரயிலிலேயே கேட்பது உண்டு.

கோட்டை விஷயத்தில் எல்லோரும் சொல்லும் யோசனை ஒன்று உண்டு: டிராமில் மேலே ஏறிப் போங்கள், வேடிக்கை பார்த்தபடி நடந்து இறங்குங்கள். கால் நன்றாக இருப்பவர்களுக்கு அருமையான யோசனைதான். உங்கள் அம்மாவுக்கு வேண்டாம். முட்டிவலிக்காரர்களுக்கு ஏறுவதைவிட இறங்குவதுதான் வேதனை. கிழக்கு வாசலிலிருந்து இறங்கும் பழைய கோட்டைப் படிகளும் சரி, சரிவாக இறங்கும் நெருதோவா தெருவும் சரி, கல் பாவியவை; மழை பெய்தால் வழுக்கவும் செய்யும். போகும்போதும் வரும்போதும் 22ஆம் எண் டிராம்தான். 'ப்ராஷ்ஸ்கி ஹ்ராத்' நிறுத்தத்தில் இறங்கினால் கோட்டையின் வடக்கு வாசல் சில நிமிட நடை, அநேகமாகச் சமதரை. உள்ளே நுழைந்தால் நேராக இரண்டாம் முற்றத்தில் இருப்பீர்கள்.

இதனால் தங்கும் இடமும் முடிவாகிவிடுகிறது. பழைய நகரச் சதுக்கத்தை ஒட்டி அறை எடுக்க ஆசை வரும். நான் 'நாமியெஸ்தி மீரு' என்ற சதுக்கத்தின் பக்கம் எடுக்கச் சொல்வேன். 22ஆம் எண் டிராமும் மெட்ரோவும் அங்கே நிற்கும், இரவில் சத்தமும் குறைவு. பழைய கட்டடங்கள் பலவற்றில் லிஃப்ட் கிடையாது, அதனால் பதிவு செய்யும் முன்பே கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அங்கே முதல் மாடி என்றால் தரைத்தளத்துக்கு மேலே உள்ளது. சமையலறை உள்ள குடியிருப்பாக இருந்தால் இன்னும் நல்லது, ஏன் என்று கீழே சொல்கிறேன்.

சரி, எந்த நாளில் எது? இதை உங்கள் விருப்பத்தைவிட இரண்டு வழிபாட்டு இடங்கள்தான் தீர்மானிக்கின்றன. யூதர் பகுதியான யோசெஃபோவில் உள்ள சினகாகுகளும் (யூதர் தொழுகைக்கூடங்கள்) பழைய இடுகாடும் சனிக்கிழமை மூடியிருக்கும். கோட்டைக்குள் இருக்கும் புனித வீட்டஸ் பேராலயத்தில் ஞாயிறு காலை பூசை, பார்வையாளர்களுக்குப் பகல் 12 மணிக்குத்தான் திறப்பார்கள். ஆகவே வெள்ளி யோசெஃபோவ், சனி கோட்டை. சனி யோசெஃபோவ், ஞாயிறு காலை கோட்டை என்று போட்டால் இரண்டு இடத்திலும் பூட்டிய கதவுதான்.

வெள்ளி பிற்பகல் யோசெஃபோவில் பின்காஸ் சினகாகை விட்டுவிடாதீர்கள். நாஜிகளால் கொல்லப்பட்ட பொஹீமிய, மொராவிய (இன்றைய செக் நாட்டுப் பகுதிகள்) யூதர்கள் ஏறத்தாழ 80,000 பேரின் பெயர்கள் சுவர் முழுக்கக் கையால் எழுதப்பட்டிருக்கின்றன. ஆண்கள் தலையை மூட வேண்டும், அப்பாவுக்கு ஒரு தொப்பி எடுத்துவையுங்கள். அங்கிருந்து பழைய நகரச் சதுக்கம் சமதரையில் பக்கத்து நடை. 1410இல் அமைத்த வானியல் கடிகாரத்தில் மணிக்கொரு முறை இயேசுவின் சீடர்களான அப்போஸ்தலர் பொம்மைகள் வந்து போகும். அது ஒரு நிமிடம்கூட நீடிக்காது, கூட்டம் அண்ணாந்து நிற்கும் அந்த நேரம்தான் பிக்பாக்கெட்காரர்களுக்கு அறுவடை. பொம்மைகளைவிட அதே கட்டடத்தின் கோபுரத்துக்குப் போவது மேல், அங்கே லிஃப்ட் இருக்கிறது.

சனிக்கிழமை கோட்டைக் கட்டடங்கள் திறக்கும் 9 மணிக்கே அங்கே இருங்கள். வளாகத்தில் நடக்கக் கட்டணம் இல்லை, உள்ளே போகத்தான் சீட்டு. 1344இல் தொடங்கிய பேராலயம் 1929இல்தான் முழுமையடைந்தது. செக் ஓவியர் அல்ஃபோன்ஸ் மூகா வரைந்த வண்ணக் கண்ணாடி ஜன்னலை இடப்பக்கம் தேடுங்கள். தெற்குக் கோபுரத்துக்கு 280க்கும் மேற்பட்ட படி, அந்தப் பேச்சே வேண்டாம். பழைய அரண்மனையின் விளாதிஸ்லாவ் மண்டபம் பார்க்க வேண்டியது. 1618இல் அரசப் பிரதிநிதிகளை ஜன்னல் வழியாகத் தூக்கி வீசியது இந்த அரண்மனையில்தான்; விழுந்த மூவரும் பிழைத்தார்கள், ஆனால் அதிலிருந்து ஐரோப்பாவை உலுக்கிய முப்பதாண்டுப் போர் வெடித்தது. எழுத்தாளர் காஃப்கா சில காலம் எழுதிய வீடு இருக்கும் பொற்கொல்லர் சந்து கீழ்ப்பக்கம் இருக்கிறது. அம்மா களைத்திருந்தால் விட்டுவிடுங்கள். போனாலும் அந்த வழியே வெளியேறாமல் வந்த வாசலுக்கே திரும்புங்கள்.

ஞாயிறு காலை 8 மணிக்குள் சார்ல்ஸ் பாலம். 1357இல் கட்டத் தொடங்கியது, அரை கிலோமீட்டர் நீளம். 10 மணிக்கு மேல் அங்கே சிலைகளைவிட செல்ஃபி குச்சிகள்தான் தெரியும். மாலோஸ்த்ரான்ஸ்கே சதுக்கத்தில் டிராமை விட்டு இறங்கி, பாலத்தை ஒருமுறை மட்டும் கடந்து, மறுகரையில் அடுத்த டிராமைப் பிடிக்கலாம். பிறகு மெட்ரோவில் விஷேராத். நிலையத்திலிருந்து பழைய கோட்டை மதில்வரை பெரிய ஏற்றம் இல்லை, கீழே வல்டாவா ஆறு முழுதாகத் தெரியும், கூட்டமும் குறைவு. பெற்றோருக்கு மிகவும் பிடிக்கப்போவது இதுதான் என்பது என் கணிப்பு. நேரம் மிஞ்சினால் ஒரு மணி நேரப் படகு. செக் நாட்டின் தெற்கே உள்ள செஸ்கி க்ரும்லோவ் ஊரையும் சேர்க்கச் சொல்வார்கள், இந்தப் பயணத்தில் வேண்டாம்.

72 மணி நேரப் பயணச்சீட்டு உங்கள் மூன்று நாளுக்கும் போதும். காகிதச் சீட்டு என்றால் முதல் பயணத்தில் மஞ்சள் இயந்திரத்தில் முத்திரை குத்துங்கள், குத்தாத சீட்டுக்கும் அபராதம் உண்டு. பழைய டாட்ரா டிராம்களில் படி உயரம். கால அட்டவணையில் சக்கர நாற்காலிக் குறி போட்ட வண்டி தாழ்தளம், அதற்குக் காத்திருங்கள்.

சாப்பாடு கொஞ்சம் சிக்கல்தான். சைவம் என்று கேட்டால் பொரித்த பாலாடைக்கட்டியைக் கொண்டுவந்து வைப்பார்கள், மேல்மாவில் முட்டை இருக்கும். உருளைக்கிழங்கு அடையிலும் முட்டை, பூண்டு சூப்பில் பெரும்பாலும் இறைச்சிச் சாறு. இந்திய உணவகங்கள் நிறைய இருக்கின்றன, ஒரு வேளைக்கு அது. மற்ற வேளைக்கு அரிசியும் தயிரும் எந்தக் கடையிலும் கிடைக்கும், அம்மாவின் ரசப்பொடியை எடுத்துப் போங்கள். சமையலறை வேண்டும் என்றது இதற்குத்தான்.

யூரோவை நம்பிப் போகாதீர்கள், அங்கே நாணயம் கொருனா. அட்டை தேய்க்கும்போது எந்த நாணயத்தில் என்று இயந்திரம் கேட்டால் கொருனாவையே தேர்ந்தெடுங்கள். தெருவில் காசு மாற்ற அழைப்பவரிடம் நிற்கவே வேண்டாம். உரிமம் பெற்ற மாற்றுக் கடையில் விகிதத்தில் ஏமாந்துவிட்டால், 1,000 யூரோ மதிப்புவரை 3 மணி நேரத்துக்குள் ரத்து செய்ய 2019 முதல் சட்டம் இடம் தருகிறது. ரசீதைப் பத்திரமாக வைத்திருங்கள்.