பெல்லட் விலை ஏறிப்போச்சு: துப்பாக்கி சுடுதல் கேள்வி பதில்

விலைவாசி ஏற ஏற, எப்படிச் சுடுவது என்று கேட்டவர்கள்கூட எவ்வளவு ஆகும் என்றுதான் கேட்கிறார்கள். மதுரை, சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். பெரும்பாலும் 10 மீட்டர் ஏர் பிஸ்டல், ஏர் ரைஃபிள் பற்றியவை, அதாவது பெல்லட் என்கிற சிறு ஈயக் குண்டைக் காற்றழுத்தத்தால் தள்ளும் துப்பாக்கிகள்.

அண்ணே, ஏர் பிஸ்டல் பழகுறேன். வீட்டு வாடகை ஏறினதுல இதுக்கு மாசம் 3,000 ரூபாய்க்கு மேல ஒதுக்க முடியல. ரேஞ்ச் கட்டணம் போக மிச்சத்துல வாங்குற பெல்லட் மாசக் கடைசி வரைக்கும் வரமாட்டேங்குது. (செல்லூர்)

தம்பி, ரேஞ்சுக்கு (சுடும் களத்துக்கு) போகும் நாளைக் குறைக்காதீர்கள், குண்டைக் குறையுங்கள். மேட்ச் பெல்லட் (போட்டித் தரக் குண்டு) டின்னில் வழக்கமாக 500 இருக்கும். தினம் 100 சுட்டால் ஐந்தே நாளில் டின் காலி. போட்டியிலேயே 60 குண்டுதான், அதற்கு 75 நிமிடம் தருகிறார்கள். நம் பையன்கள் அதே 60-ஐ அரை மணி நேரத்தில் சுட்டுத் தள்ளிவிட்டு, களைத்த கையோடு இன்னும் 40 சுடுகிறார்கள். அந்த 40 காசுக்கும் கேடு, பழக்கத்துக்கும் கேடு.

ஒரு நாளைக்கு 40 போதும். மீதிப் பயிற்சி வீட்டில், பெல்லட்டே இல்லாமல். டிரை ஃபயர் எனப்படும் இந்தக் குண்டில்லாப் பயிற்சியை நிறையப் பேர் மழைக்காலத்து வேலை மாதிரி நினைக்கிறார்கள். ஆனால் பிஸ்டலில் பாதி வித்தை அதில்தான் இருக்கிறது. குழலில் எதுவும் இல்லை என்று இரண்டு தடவை பாருங்கள், பெல்லட் டின்னைப் பக்கத்து அறையில் வையுங்கள். முதல் பத்து நிமிடம் வெறும் வெள்ளைச் சுவர் போதும். முன் சைட்டை (குழல் முனையில் உள்ள குறிமுனையை) மட்டும் பார்த்துக்கொண்டு ட்ரிக்கரை அழுத்துங்கள். ட்ரிக்கர் விடுபடும் அந்த நொடியில் முன் சைட் ஒரு பக்கம் வெட்டி இழுத்தால் அது கண்ணுக்கே தெரியும். ரேஞ்சில் சத்தமும் அட்டையில் விழும் ஓட்டையும் அதை மறைத்துவிடும்.

அப்புறம் சுவரில் ஒரு கறுப்பு வட்டம் ஒட்டிக்கொள்ளுங்கள். பிஸ்டல் இலக்கு அட்டையில் கறுப்புப் பகுதி 59.5 மில்லிமீட்டர் அகலம். வீட்டில் 5 மீட்டர்தான் கிடைக்கும் என்றால் 30 மில்லிமீட்டர் வட்டம் வெட்டி ஒட்டினால் கண்ணுக்கு அதே அளவில் தெரியும். இதற்கு ஆகும் செலவு ஒரு கறுப்பு சார்ட் பேப்பர்.

ஒரு எச்சரிக்கை. டிரை ஃபயர் வசதி மேட்ச் துப்பாக்கிகளில் இருக்கும். குழலை மடக்கி லோட் செய்யும் ஸ்பிரிங் துப்பாக்கியில் பெல்லட் இல்லாமல் சுட்டால் பிஸ்டன் அடிவாங்கும். அதில் வேண்டாம். சொந்த பிஸ்டல் இல்லை, கிளப் பிஸ்டல்தான் என்றால் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலைக் கை நீட்டிப் பிடித்துப் பழகுங்கள். எடை கிட்டத்தட்ட பிஸ்டல் எடைதான்.

பெல்லட் ஏன் இப்படி ஏறுது சார்? மலிவானதுக்கு மாறிடலாமா? (திருமங்கலம்)

நல்ல மேட்ச் பெல்லட்டெல்லாம் ஜெர்மனி, செக் நாட்டுச் சரக்கு. ஆர்.டபிள்யூ.எஸ்., எச் அண்ட் என், ஜே.எஸ்.பி. எல்லாமே யூரோ கணக்கு. 2025-ல் யூரோ 100 ரூபாயைத் தாண்டியது. ஜெர்மனியில் விலை ஏறாவிட்டாலும் நமக்கு ஏறும். போதாததற்குப் பொருள் ஈயம், கூரியர் எடைக்குக் காசு வாங்குகிறது. ஒற்றை டின்னாக வரவழைத்தால் சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். கிளப்பில் ஆறேழு பேர் சேர்ந்து மொத்தமாக வாங்குங்கள்.

மாறலாமா என்றால், எதில் சுடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஏர் பிஸ்டலில் பத்து மதிப்பெண் தரும் நடு வளையம் 11.5 மில்லிமீட்டர். பயிற்சிக்கு மலிவு பெல்லட் தாராளமாகப் போதும், அது செய்யும் தப்பைவிட நம் கை செய்யும் தப்பு பெரிது. ஏர் ரைஃபிளில் பத்து என்பது அரை மில்லிமீட்டர் புள்ளி. அங்கே மட்டமான பெல்லட் வைத்தால் 9 விழுந்தது உங்களாலா பெல்லட்டாலா என்றே தெரியாது. ரைஃபிள்காரர்கள் டின்னைக் குறைத்துக்கொள்ளலாம், தரத்தைக் குறைக்கக் கூடாது. மலிவு டின் வாங்கினால் ஒரு பிடியை வெள்ளைத் துணியில் கொட்டி, பின்பக்க விளிம்பு நசுங்கியதைத் தனியே எடுத்துவிடுங்கள்.

மகள் ஒன்பதாவது படிக்கிறாள். ரைஃபிள்தான் வேணும்கிறாள். ரைஃபிள் சுட உடுத்துற ஜாக்கெட், பேன்ட், ஷூ எல்லாம் சேர்த்தால் தலை சுற்றுது. (நாகமலை புதுக்கோட்டை, ஒரு அம்மா)

அம்மா, வளர்கிற பிள்ளைக்கு அளவெடுத்து ஜாக்கெட் தைக்காதீர்கள். ஒன்றிரண்டு வருஷத்தில் தோள் பத்தாது. போன வருஷம் வளர்ந்துவிட்ட பிள்ளையின் ஜாக்கெட் கிளப்பில் யாரிடமாவது சும்மா தொங்கும், அதைக் கேளுங்கள். துப்பாக்கியும் கிளப்புடையதே போதும். பிஸ்டலுக்கு இந்த உடுப்புச் செலவே கிடையாது என்பதை மகளிடம் ஒரு தடவை சொல்லிப் பாருங்கள். சொல்லியும் ரைஃபிள்தான் என்றால் விட்டுவிடுங்கள், பிடித்ததைத்தான் பிள்ளை பழகும்.

துப்பாக்கி சிலிண்டருக்குக் காற்று நிரப்பவும் கட்டணம் ஏத்திட்டாங்க. தெரிஞ்ச வெல்டிங் பட்டறையில சும்மாவே நிரப்பித் தர்றேங்கிறார். (மேலூர்)

வேண்டவே வேண்டாம். பட்டறையில் இருப்பது ஆக்சிஜன். 200 பார் அழுத்தத்தில் ஆக்சிஜன், உள்ளே துளி எண்ணெய்ப் பசை இருந்தால் தீப்பிடித்து வெடிக்கும், கையோடு போகும். சாதாரண காற்று மட்டும்தான். பஞ்சர் கடை கம்ப்ரஸரும் உதவாது, அதன் அழுத்தம் 10 பார் அளவில் நின்றுவிடும். உயரழுத்தக் கைப்பம்ப் ஒன்றை நான்கு பேர் பங்கு போட்டு வாங்குங்கள். ஈரம் பிடிக்கும் ஃபில்டர் உள்ளதாகப் பார்த்து வாங்கி, நடுவில் நிறுத்தி நிறுத்தி அடியுங்கள், சூடேறக் கூடாது.

ஜெர்மன் பிஸ்டல், பழசு, பாதி விலைக்கு வருது. வாங்கலாமா? (சிம்மக்கல்)

முதலில் சிலிண்டரில் பொறித்த தேதியைப் பாருங்கள். பத்து வருஷம்தான் அதன் ஆயுள் என்று தயாரிப்பாளர்கள் வைத்திருக்கிறார்கள். 2013 சிலிண்டர் என்றால் புதுசு வாங்கும் காசையும் விலையோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள், பாதி விலை முக்கால் விலை ஆகிவிடும். நிரப்பி ஒரு ராத்திரி வைத்து, அழுத்தமானி இறங்குகிறதா என்று பாருங்கள். கைப்பிடி உங்கள் கைக்குப் பொருந்த வேண்டும், மரப்பிடி மாற்றுவதும் செலவுதான். குழல் விட்டம் 4.5 மில்லிமீட்டரும், குண்டின் ஆற்றல் 20 ஜூலும் தாண்டாத ஏர் துப்பாக்கிக்கு லைசென்ஸ் தேவையில்லை. அதற்காக பில் இல்லாமல் வாங்கிவிடாதீர்கள்.

2022-ல் திருச்சி மாநிலப் போட்டியில அஜித் சுட்டதைப் பார்த்துத்தான் வந்தேன். ஏர் போதும், ஷாட்கன்னுக்கு மாறலாமா? (அண்ணா நகர்)

புதுக்கோட்டையிலிருந்து பிருத்விராஜ் தொண்டைமான் பாரிஸ் ஒலிம்பிக் வரை போன ஆட்டம் டிராப், பறக்கும் களிமண் தட்டை ஷாட்கன்னால் சுடுவது, ஆசை வருவது நியாயம்தான். ஆனால் கணக்கைப் பாருங்கள். தகுதிச் சுற்றில் 125 களிமண் தட்டு, தட்டுக்கு இரண்டு தோட்டா வரை சுடலாம். தோட்டாவுக்கும் காசு, உடைகிற தட்டுக்கும் காசு, லைசென்ஸுக்கு அலைச்சல் வேறு. ஏர் செலவே கையைக் கடிக்கும் நேரத்தில் இது வேண்டாம்.

தோப்புல மயில் தொல்லை. உங்க கிளப் பசங்களை அனுப்பினா அவங்களுக்கும் பயிற்சி, எனக்கும் உபகாரம். பெல்லட் காசு நானே தர்றேன். (அழகர்கோவில் சாலை)

அண்ணே, மயில் தேசியப் பறவை. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கிறது. பையன்களும் உள்ளே போவார்கள், நீங்களும் போவீர்கள். வனத்துறைக்கு ஒரு மனு எழுதிக் கொடுங்கள்.