பங்கில் யாருக்கு என்ன வேலை? – வாசகர் கேள்வி பதில்

பங்கு என்பது ஒரு சாமியாரின் (குருவின்) பொறுப்பில் இருக்கும் கோயிலும் அதன் மக்களும். அந்தப் பங்கின் பணியாளர்களைப் பற்றி வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில். கேட்டவர்கள் எல்லாரும் கத்தோலிக்கப் பங்குகளைச் சேர்ந்தவர்கள் என்பதால் பதில்களும் அந்த முறைப்படியே.

கே: எங்கள் ஊர்க் கோயிலில் கோயில்பிள்ளையாகச் சேரப் போகிறேன். மணி அடிப்பது, திரி ஏற்றுவது தவிர வேறு என்ன கவனிக்க வேண்டும்? – வாசகர், மணப்பாடு

மணியும் திரியும் ஒரு வாரத்தில் கைவந்துவிடும். மற்றவைதான் பாடு.

அப்பத்தை எடுத்து வைக்குமுன் பேழையில் (பூசையில் மிஞ்சிய அப்பத்தைப் பூட்டி வைக்கும் பெட்டி) எவ்வளவு மீதி இருக்கிறது என்று சாமியாரைக் கேளுங்கள். கேட்காமல் ஞாயிறுதோறும் கிண்ணத்தை நிரப்பினால் பழைய அப்பம் பேழையிலேயே தங்கிப் பூசணம் பிடிக்கும். திராட்சை ரசம், ஒரு குருவுக்கு இரண்டு மேசைக்கரண்டி தாராளம். புட்டியைத் திறந்துவிட்டால் நம் வெயிலுக்குச் சீக்கிரம் புளித்துவிடும். காடியாகிப் போன ரசத்தில் பூசை வைக்க முடியாது. அதனால் சிறிய புட்டியாக வாங்கிக் குளிர்பெட்டியில் வையுங்கள். புதுப் புட்டியைத் திறந்த தேதியை அதன்மேல் எழுதி ஒட்டுங்கள்.

தூபத்துக்குக் கொட்டாங்கச்சிக் கரி நல்லது. தேவைப்படுவதற்குக் கால் மணி நேரம் முன்பே பற்றவைத்து, மேலே சாம்பல் பூத்த பிறகே உள்ளே அனுப்புங்கள். கருப்பாக இருக்கும் கரியில் சாம்பிராணி போட்டால் நெருப்பு அமுங்கும், புகை நெடியடிக்கும், பீடச்சிறுவன் இருமுவான். தூளாக அள்ளிக் கொட்டாதீர்கள். அது உருகிக் கரிமேல் படிந்து மூடிவிடும். மிளகளவு கட்டிகளாகச் சிறிது சிறிதாகப் போட்டால் போதும்.

திருமேனித் துகிலை (பூசையில் அப்பத்துக்கும் கிண்ணத்துக்கும் அடியில் விரிக்கும் துணி) மூன்று மூன்றாக, உட்பக்கமாகவே மடிப்பது அப்பத் துகள் கீழே சிந்தாமல் இருக்கத்தான். எனவே அதை உதறிப் பார்க்க வேண்டாம். அதையும், கிண்ணம் துடைக்கும் துணியையும் முதலில் தனியாக நனைத்து, அந்தத் தண்ணீரை யாரும் மிதிக்காத இடத்தில் மண்ணில் ஊற்றுங்கள். சாக்கடையில் ஊற்றக்கூடாது. பிறகு சோப்புப் போட்டுத் துவைக்கலாம். இந்தத் துணிகளை வீட்டு அழுக்கோடு சேர்த்து வண்ணாருக்குப் போடுகிற பழக்கம் சில ஊர்களில் இருக்கிறது. அதை நீங்கள் சேரும்போதே நிறுத்திவிடுங்கள்.

பேழைச் சாவி உங்கள் பொறுப்பு அல்ல, பங்குச் சாமியாரின் பொறுப்பு. அது சக்கிறீஸ்து அறை (பூசைப் பொருள்கள் வைக்கும் அறை) ஆணியில் தொங்கினால், எடுத்துப் பூட்டி வைக்கும்படி அவரிடமே சொல்லலாம். தப்பாக நினைக்க மாட்டார்.

கே: மகனுக்கு வைகாசியில் கல்யாணம். முதலில் சாமியாரைப் பார்ப்பதா, பங்கு அலுவலகத்தைப் பார்ப்பதா? எத்தனை நாள் முன்பு? – வாசகி, திண்டுக்கல்

மூன்று மாதம் கையில் இருக்கும்போதே சாமியாரைப் பாருங்கள். தேதியை அவர்தான் உறுதி செய்வார். அதன் பிறகுதான் மண்டபத்துக்கு முன்பணம். பலர் இதை மாற்றிச் செய்துவிட்டு, அதே நாளில் வேறொரு கல்யாணமோ திருவிழாவோ இருப்பதைக் கண்டு தவிக்கிறார்கள்.

அலுவலக எழுத்தர் முதலில் கேட்பது திருமுழுக்குச் (ஞானஸ்நான) சான்றிதழ். பெட்டியில் பத்திரமாக வைத்திருக்கும் பழைய தாள் செல்லாது. ஆறு மாதத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும். காரணம் உண்டு. ஒருவருக்கு உறுதிபூசுதல் நடந்தாலும், கல்யாணம் நடந்தாலும், அவருடைய திருமுழுக்குப் பதிவேட்டின் ஓரத்தில் அதைக் குறித்து வைப்பார்கள். புதிய நகலில் அந்த ஓரக்குறிப்பும் வரும். ஏற்கெனவே மணமானவரா இல்லையா என்பதற்கு அதுதான் சாட்சி. ஆகவே மகன் திருமுழுக்குப் பெற்ற பங்கு வேறு ஊரில் என்றால் அங்கே போய் வாங்க வேண்டும். தேதியும் பெற்றோர் பெயரும் தெரிந்தால் எழுத்தர் உடனே எடுத்துவிடுவார். ஆண்டே தெரியாமல் போய் நின்றால் பாவம், அவர் ஏடு ஏடாகப் புரட்ட வேண்டும்.

அடிக்கடி சிக்குவது பெயரில். ஏட்டில் ‘சூசை’, ஆதாரில் ‘ஜோசப்’ என்றிருக்கும். எழுத்தரால் அதைத் திருத்த முடியாது, திருத்தச் சொல்லி வற்புறுத்தவும் கூடாது. இரண்டும் ஒருவரே என்பதற்கான ஆதாரங்களோடு சாமியாரிடம் எழுதிக் கொடுங்கள். முறைப்படி குறிப்பு எழுதுவதா, ஆயர் (பிஷப்) இல்லத்துக்கு அனுப்புவதா என்பதை அவர் முடிவு செய்வார்.

ஓலை வாசிப்பு (கல்யாண அறிவிப்பைக் கோயிலில் வாசிப்பது) மூன்று ஞாயிறு, மாப்பிள்ளை பங்கிலும் பெண் பங்கிலும். திருமண முன்தயாரிப்பு வகுப்புச் சான்றிதழும் வேண்டும். வகுப்பு நடக்கும் தேதிகளை இப்போதே கேட்டு வையுங்கள், எல்லா வாரமும் நடக்காது.

கோயிலில் கையெழுத்துப் போட்டதோடு சட்டப் பதிவு முடிந்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். 2009ஆம் ஆண்டின் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டப்படி 90 நாளுக்குள் பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டும். கோயில் சான்றிதழ் அதற்கு ஆதாரம், மாற்று அல்ல.

கே: உபதேசியாரும் கோயில்பிள்ளையும் ஒன்றுதானா? – வாசகர், சிவகங்கை

இல்லை. கோயில்பிள்ளை கோயிலைப் பார்த்துக்கொள்பவர், உபதேசியார் மக்களைப் பார்த்துக்கொள்பவர். சிறிய பங்குகளில் இரண்டு வேலையும் ஒரே தலையில் விழுவதால்தான் இந்தக் குழப்பம்.

உபதேசியார் மறைக்கல்வி சொல்லித் தருவார், கிளைக் கிராமங்களில் செபம் நடத்துவார். பாவசங்கீர்த்தனம் (பாவ அறிக்கை) கேட்கவோ, நோயில் பூசுதல் (நோயாளிக்கு எண்ணெய் பூசும் சடங்கு) கொடுக்கவோ அவரால் முடியாது. உயிர் போகும் ஆபத்தில் இருக்கும் குழந்தைக்குத் திருமுழுக்குக் கொடுப்பது மட்டும் வேறு. தலையில் தண்ணீர் ஊற்றி உரிய வார்த்தைகளைச் சொல்லி அதை யாரும் கொடுக்கலாம். பிறகு பங்கில் சொல்லி ஏட்டில் ஏற்ற மறக்கிறார்கள். பத்து வருடம் கழித்துப் புதுநன்மைக்கு (முதல் நற்கருணைக்கு) பெயர் கொடுக்கும்போதுதான் அது தெரியவரும். 2021 மே மாதம் திருத்தந்தை பிரான்சிஸ் உபதேசியார் (வேதியர்) பணியைத் திருச்சபையின் முறையான திருப்பணியாகவே ஏற்படுத்தினார். ஆணும் பெண்ணும் ஏற்கலாம்.

கே: பூசைக்கு எழுதும் பணம் யாருக்குப் போகிறது? ஒரே பூசையில் பத்துப் பேர் பெயர் வாசிக்கிறார்களே? – பெயர் வேண்டாம் என்ற வாசகர்

ஒரு குரு ஒரே நாளில் எத்தனை பூசை வைத்தாலும் ஒரு பூசைக் காணிக்கையை மட்டுமே தமக்கு வைத்துக்கொள்ளலாம் (கிறிஸ்து பிறப்பு நாள் விதிவிலக்கு). மற்றவை ஆயர் வகுத்த நோக்கத்துக்குப் போகும். பலர் கொடுத்த கருத்துகளை (யாருக்காக, எதற்காகப் பூசை என்பது) ஒரே பூசையில் சேர்ப்பதாக இருந்தால், பணம் கொடுக்கும்போதே உங்களிடம் சொல்லி ஒப்புதல் பெற்றிருக்க வேண்டும். தனிப் பூசைதான் வேண்டுமென்றால் அப்படியே கேளுங்கள், வேறு தேதி கிடைக்கும். கருத்து, காணிக்கை, பூசை நிறைவேறியதா என்பதற்குத் தனி ஏடு வைக்கத் திருச்சபைச் சட்டமே சொல்கிறது. கையில் காசில்லாத ஏழைக்கும் பூசை உண்டு.

கே: பங்குப் பேரவை ஒருமனதாகப் போட்ட தீர்மானத்தைச் சாமியார் கிடப்பில் போட்டுவிட்டார். செய்யலாமா? – பேரவை உறுப்பினர், தஞ்சாவூர்

செய்யலாம். பேரவை ஆலோசனை சொல்லும் அமைப்புதான், அதன் வாக்குக்குக் கட்டாயம் இல்லை. நிதிக்குழுவும் ஆலோசனைதான் சொல்லும், ஆனால் ஒவ்வொரு பங்கிலும் அது இருந்தே ஆக வேண்டும். ஆகவே தீர்மானத்தில் சண்டை போடுவதைவிட, கணக்கில் கண் வையுங்கள்.

உண்டியல் எண்ணும்போது ஒரே குடும்பத்தைச் சேராத மூன்று பேராவது இருக்கட்டும். எண்ணிய உடனே தாளில் எழுதி மூவரும் கையெழுத்திட்டு, அடுத்த வேலைநாளில் முழுத் தொகையையும் வங்கியில் கட்டிவிடுங்கள். பூக்காரருக்கும் மின்காரருக்கும் தட்டிலிருந்தே எடுத்துக் கொடுத்துவிட்டு மீதியைக் கணக்கில் ஏற்றுவதுதான் பல பங்குகளில் புகைச்சலுக்குக் காரணம். அங்கே யாரும் திருடியிருக்க மாட்டார்கள், ஆனால் திருடவில்லை என்று காட்ட ஒரு தாளும் இருக்காது. செலவுக்கு ரசீது வாங்கிக்கொண்டு தனியாகப் பணம் எடுங்கள்.

கே: படுக்கையில் இருக்கும் அம்மாவுக்கு நன்மை (நற்கருணை) கொடுக்க ஆள் வருவதாகச் சொன்னார்கள். என்ன தயார் செய்ய வேண்டும்? – வாசகி, நாகர்கோவில்

சிறிய மேசையில் வெள்ளைத் துணி, பாடுபட்ட சுரூபம் (இயேசு சிலுவையில் தொங்கும் உருவம்), இரண்டு திரி, ஒரு தம்ளர் தண்ணீர், ஒரு கரண்டி. வருகிறவர் நற்கருணைப் பணியாளரான அருட்சகோதரியாகவோ பொதுநிலையினராகவோ இருந்தால் நன்மை மட்டுமே கொடுக்க முடியும். பாவசங்கீர்த்தனமும் எண்ணெய் பூசுதலும் வேண்டுமென்றால் சாமியாரே வரவேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அம்மாவுக்கு விழுங்குவது சிரமம் என்றால் அதையும் சொல்லுங்கள், அப்பத்தில் சிறு துண்டே போதும். மூக்குக் குழாயில் உணவு போகிறவராக இருந்தால் வாயில் எதையும் கொடுக்குமுன் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.