28 வாரத்துக்கு முன் பிறந்த பிள்ளைகள்: ஒரு என்.ஐ.சி.யு. நர்ஸிடம் கேட்டவை

பச்சிளங்குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவில் 22 வருடமாக நர்ஸாக இருக்கிறேன். 28 வாரம் நிறையும் முன்பே பிறந்துவிட்ட பிள்ளைகளைப் பற்றி நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். உங்கள் பிள்ளையின் ஸ்கேனையோ ரத்தப் பரிசோதனையையோ நான் பார்க்கவில்லை. அதனால் மருந்தின் அளவை மட்டும் என்னிடம் கேட்காதீர்கள்.

சிஸ்டர், மகள் 25 வாரத்தில் 720 கிராமில் பிறந்தாள். இன்று மூன்றாம் நாள். பிழைப்பாளா என்று கேட்டால் டாக்டர் "இன்றைக்குப் பரவாயில்லை" என்று மட்டும் சொல்கிறார். எதையோ மறைக்கிறார்களா?

மறைக்கவில்லை அம்மா. மூன்றாம் நாளில் அதற்கு மேல் யாராலும் சொல்ல முடியாது.

இந்தப் பிள்ளைகளுக்கு ஆபத்துகள் எல்லாம் ஒரே நாளில் வருவதில்லை, ஒவ்வொன்றுக்கும் ஒரு காலம் இருக்கிறது. முதல் 72 மணி நேரம் மூளைக்கானது. மூளைக்குள் நீர் நிறைந்த அறைகள் இருக்கின்றன. அவற்றின் ஓரத்தில் இருக்கும் ரத்தக்குழாய்கள் இந்த வயதில் மிக மெல்லியவை, ரத்த அழுத்தம் கொஞ்சம் ஏறி இறங்கினாலே கசிந்துவிடும். நாங்கள் குழந்தையின் தலையை நேராகவே வைத்திருப்பதும், அடிக்கடி தொடாமல் எல்லா வேலையையும் சேர்த்துச் செய்வதும் அதனால்தான். உச்சிக்குழி வழியாக ஸ்கேன் எடுத்து, கசிவு இருந்தால் 1 முதல் 4 வரை நிலை சொல்வார்கள். முதல் இரண்டு நிலைகள் பெரும்பாலும் தானாகக் கரைந்துவிடும். 3, 4 என்றால் உட்கார்ந்து விவரமாகப் பேச வேண்டிய விஷயம்.

மூளைக்கான காலம் கடந்ததும் இதயத்தில் மூட வேண்டிய ஒரு குழாய் மூடியதா என்று பார்ப்போம். பால் ஏற ஏற குடலைப் பற்றிய பயம் வரும், பின்னால் கண்ணைப் பற்றியது. நுரையீரலின் கவலை முதல் நாளிலிருந்து கடைசிவரை கூடவே வரும். "பிழைப்பாளா" என்று கேட்டால் பதில் கிடைக்காது. "இன்றைக்கு எதைப் பார்த்துக் கவலைப்படுகிறீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள், எந்த டாக்டரும் பதில் சொல்வார்.

அக்கா, மனைவிக்கு 22-வது வாரத்தில் வலி வந்துவிட்டது. 21 வாரத்தில் பிறந்த குழந்தை பிழைத்ததாகச் செய்தியில் படித்தேன். இங்கே டாக்டர்கள் ஏன் தயங்குகிறார்கள்?

நீங்கள் படித்தது உண்மைதான் தம்பி. 2020 ஜூலையில் அமெரிக்காவின் அலபாமாவில் 21 வாரம் 1 நாளில் 420 கிராமோடு பிறந்த ஆண் குழந்தை பிழைத்தான். ஆனால் அவன் இரட்டையர்களில் ஒருவன். அதே வயிற்றில் வளர்ந்து, அதே மருத்துவமனையில், அதே கைகளில் பிறந்த அவனுடைய தங்கை ஒரு நாள்தான் இருந்தாள். தலைப்பில் அவள் வருவதில்லை.

22, 23 வாரம் என்பது எல்லைக்கோடு. அங்கே முழு சிகிச்சையும் கொடுக்கலாம், இல்லை வலியில்லாமல் பெற்றோர் மடியிலேயே வைத்துக்கொள்ளலாம். இரண்டுமே மருத்துவம் ஏற்கும் வழிகள்தான். எதைத் தேர்ந்தாலும் அந்தத் தாய் தகப்பனை நான் குறை சொல்ல மாட்டேன். இரண்டு பக்கமும் நின்றிருக்கிறேன்.

முழு சிகிச்சைதான் என்று முடிவெடுத்தால் இப்போதே மூன்று விஷயம் கேளுங்கள். இந்த மருத்துவமனையில் இவ்வளவு சின்னக் குழந்தையைப் பார்க்கும் வசதி உண்டா? இல்லையென்றால், பிறக்கும் முன்பே தாயை மாற்ற முடியுமா? பிறந்த பிறகு குழந்தையை ஆம்புலன்ஸில் ஏற்றுவதைவிட அது எவ்வளவோ மேல். இரண்டாவது, நுரையீரலை முதிர வைக்கும் ஸ்டீராய்டு ஊசி. 1972-இல் நியூசிலாந்தில் லிகின்ஸ், ஹோவி என்ற இருவர் இதன் பலனை வெளியிட்டார்கள். பிரசவத்துக்கு முன் ஒரு நாளாவது அவகாசம் கிடைத்தால் நல்ல பலன் தரும். மூன்றாவது, மூளையைக் காக்கத் தாய்க்குப் போடும் மெக்னீசியம்.

என் பையன் 10 நாளாக வென்டிலேட்டரில். எடுத்துவிட்டுத் திரும்பவும் போட்டுவிட்டார்கள். தோற்றுவிட்டானா?

இல்லை. இந்த வயதில் எடுப்பதும் போடுவதும் சகஜம். நுரையீரலின் சின்னச் சின்னக் காற்றுப்பைகள் ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் சர்ஃபாக்டன்ட் அவனுக்கு இன்னும் போதிய அளவு ஊறவில்லை. மருந்தாகக் கொடுத்திருப்பார்கள். 1963-இல் அமெரிக்க அதிபர் கென்னடியின் மகன் ஐந்தரை வாரம் மட்டுமே முந்திப் பிறந்து, 2 கிலோவுக்கு மேல் எடை இருந்தும், இந்தக் குறையால்தான் 39 மணி நேரத்தில் இறந்தான். இன்று அந்த எடையில் ஒரு குழந்தை வந்தால் எங்கள் வார்டில் "பெரிய பையன் வந்திருக்கிறான்" என்போம்.

மூன்று வாரமாகக் கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே நிற்கிறேன் சிஸ்டர். என்னால் ஆவது ஒன்றுமில்லை என்று தோன்றுகிறது.

இந்தக் கேள்விதான் அதிகம் வந்தது. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

எங்கள் கையில் இல்லாத இரண்டு மருந்துகள் உங்களிடம் இருக்கின்றன. ஒன்று பால். குறைமாதக் குழந்தையின் குடலில் வீக்கம் வந்து, சில சமயம் ஒரு பகுதியே அழுகிவிடும் ஒரு நோய் உண்டு. நான் மிகவும் பயப்படும் நோய் அது. தாய்ப்பால் குடிக்கும் பிள்ளைகளுக்கு அது குறைவாகவே வருகிறது. உங்களுக்குச் சுரக்காத நாளில் தானமாக வந்த தாய்ப்பால் கேளுங்கள். முதல் சில நாள் வருவது சொட்டுச் சொட்டாகத்தான் இருக்கும். "இவ்வளவுதானா" என்று பாட்டிலை மறைத்து வைக்கும் தாய்மார்களைப் பார்த்திருக்கிறேன். உங்கள் பிள்ளைக்கு ஒரு வேளைக்கு அப்போது தேவையே 1 மில்லிதான்! வாயில் உறிஞ்சத் தெரியாத பிள்ளைக்கும் சீம்பாலை இரண்டு சொட்டு கன்னத்தின் உட்புறம் தடவுவோம். 24 மணி நேரத்தில் 8 தடவையாவது, இரவில் ஒரு தடவை உட்பட, பம்ப் செய்யுங்கள். பிறகு அந்தப் பாலில் சத்துப் பொடி கலப்பார்கள். உங்கள் பால் மட்டம் என்று அதற்கு அர்த்தமில்லை. கடைசி மூன்று மாதத்தில் வயிற்றுக்குள் கிடைத்திருக்க வேண்டிய கால்சியமும் புரதமும் அதில்தான் போகின்றன.

இன்னொன்று உங்கள் நெஞ்சு. 1978-இல் கொலம்பியாவின் பொகோட்டாவில், இன்குபேட்டர் போதாமல் ஒன்றில் பல குழந்தைகளைப் படுக்கவைக்க வேண்டியிருந்த நிலையில், எட்கர் ரே என்ற டாக்டர் குழந்தைகளைத் தாயின் நெஞ்சிலேயே கட்டிவைக்கச் சொன்னார். கங்காரு பராமரிப்பு அப்படி வந்தது. இன்று உலக சுகாதார நிறுவனம் குறைமாதக் குழந்தைகளுக்கு நாளுக்கு 8 முதல் 24 மணி நேரம் வரை அதைச் செய்யச் சொல்கிறது. மிகச் சிறிய பிள்ளை என்றால் எப்போது தொடங்கலாம் என்பதை டாக்டர் சொல்வார். மூச்சுக்கு உதவக் காற்றை அழுத்தித் தரும் சிபாப் குழாய் மூக்கில் இருப்பது அதற்குத் தடையில்லை. அப்பாவும் செய்யலாம். நெஞ்சில் முடி இருக்கிறதே என்று ஒருவர் கூச்சப்பட்டார், அவர் மகள் அந்த முடியைப் பிடித்துக்கொண்டே தூங்கினாள்.

வெளியே எடுக்க முடியாத நாளில் தடவிக் கொடுக்காதீர்கள். அந்தத் தோலுக்கு அது உறுத்தும். ஒரு கையைத் தலைமேலும் இன்னொன்றை மடக்கிய கால்கள்மேலும் அசையாமல் வையுங்கள். மானிட்டரில் எண்கள் அடங்குவதை நீங்களே பார்ப்பீர்கள்.

அலாரம் அடிக்கும்போதெல்லாம் உயிரே போகிறது.

மூச்சுவிட மூளை மறந்துவிடும், அவ்வளவுதான். காலைத் தட்டினால் பெரும்பாலும் நினைவு வந்துவிடும். அதற்குத் தினமும் கொடுக்கும் மருந்து காஃபின், ஆம், காப்பியில் இருக்கும் அதே பொருள்தான். மானிட்டரைப் பார்க்காதீர்கள், குழந்தையின் நிறத்தைப் பாருங்கள். நாங்களும் அதைத்தான் முதலில் பார்க்கிறோம்.

700 கிராம் குழந்தைக்கு ஏன் ரத்தம் ஏற்றுகிறார்கள்? விபத்தா நடந்தது?

அவன் உடம்பில் மொத்த ரத்தமே 60 மில்லி சொச்சம்தான். பரிசோதனைக்கு எடுக்கும் ஒவ்வொரு துளியும் கணக்கு. "எந்தெந்தப் பரிசோதனையைச் சேர்த்து எடுக்கலாம்" என்று நீங்கள் கேட்பதில் தப்பே இல்லை.

பேரன் 26 வாரத்தில் பிறந்தவன். வாரா வாரம் கண்ணை விரித்துப் பார்க்கிறார்கள், கத்துகிறான். வீட்டுக்கு வந்துவிட்டானே, இனி விட்டுவிடலாமா அம்மா?

விடவே கூடாது ஐயா. விழித்திரையின் ரத்தக்குழாய்கள் ஓரம்வரை வளர்ந்து முடிவதே பிரசவத் தேதியை ஒட்டித்தான். முன்பே பிறந்த பிள்ளைக்கு அவை தாறுமாறாக வளர்ந்து விழித்திரையையே இழுத்துப் பிய்த்துவிடலாம். 1940-களிலும் 50-களின் தொடக்கத்திலும் இன்குபேட்டரில் ஆக்சிஜனை அளவில்லாமல் கொடுத்து ஆயிரக்கணக்கான குழந்தைகள் பார்வை இழந்தார்கள். பாடகர் ஸ்டீவி வொண்டர் அப்படிப் பார்வை இழந்தவர்தான். இப்போது ஆக்சிஜனை அளந்து கொடுக்கிறோம், ஆனாலும் நோய் வருகிறது. சிகிச்சை தேவைப்படும் கட்டத்தைப் பிடித்துவிட்டால் இரண்டு மூன்று நாளுக்குள் லேசரோ ஊசியோ போட்டுக் காப்பாற்றலாம். தவறவிட்டால் திரும்பக் கிடைக்காது. வெளியிலிருந்து பார்த்தால் கண் அழகாகவே இருக்கும். வீட்டுக்குப் போன பிறகு ஒரு முறை தவறியதால் பார்வை போன பிள்ளையை எனக்குத் தெரியும். "போதும், வரவேண்டாம்" என்று கண் டாக்டரே சொல்லும்வரை போங்கள். வலிக்கு, பார்ப்பதற்குச் சற்று முன் துணியில் இறுகச் சுற்றி நாக்கில் இரண்டு சொட்டு தாய்ப்பால் விடச் சொல்லுங்கள்.

26 வாரத்தில் பிறந்தவளுக்கு ஆறு மாதம் முடிந்துவிட்டது. இன்னும் குப்புற விழவில்லை. பக்கத்து வீட்டுக் குழந்தை உட்காரவே தொடங்கிவிட்டது.

அவளுக்கு இன்னும் மூன்று மாதம்கூட ஆகவில்லை! 14 வாரம் முந்தி வந்தவள். ஆறு மாதத்தில் அந்த 14 வாரத்தைக் கழித்தால் வருவதுதான் திருத்திய வயது. இரண்டு வயதுவரை வளர்ச்சியை அதை வைத்தே பாருங்கள். தடுப்பூசிக்கு மட்டும் இந்தக் கழித்தல் கிடையாது, பிறந்த தேதியிலிருந்தே கணக்கு. "சின்னக் குழந்தை, பிறகு போடலாம்" என்று தள்ளிப்போடுவது ஆபத்து. நோய் வந்தால் அதிகம் அவதிப்படப்போவது அவள்தான்.

அடுத்த வாரம் டிஸ்சார்ஜ். ஆசைப்பட்ட நாள்தான், ஆனால் கை நடுங்குகிறது.

எல்லோருக்கும் நடுங்கும். போகும் முன் ஓர் இரவாவது மருத்துவமனையிலேயே குழந்தையோடு தனியாகத் தங்க அனுமதி கேளுங்கள். மூச்சுத் திணறினால் என்ன செய்வது என்பதை பொம்மையில் செய்து காட்டச் சொல்லுங்கள். எங்கள் வார்டில் மானிட்டர் இருந்ததால் குப்புறப் படுக்கவைத்திருப்போம். வீட்டில் மல்லாந்துதான், ஒவ்வொரு தூக்கத்துக்கும். முதல் குளிர்காலத்தில் சளி பிடித்த உறவினர் யாரும் தூக்க வேண்டாம். கோபித்துக்கொண்டால் என் பெயரைச் சொல்லுங்கள். வீட்டில் புகை பிடிப்பவர் இருந்தால், வெளியே போய்ப் பிடித்துவிட்டு வந்தாலும் சட்டையில் வரும்.

பளு தூக்கினேன், அலைந்தேன். என்னால்தான் முந்திப் பிறந்ததா?

இல்லை. கிருமித்தொற்று, ரத்தக் கொதிப்பு, கர்ப்பப்பை வாய் பலவீனம், இரட்டைக் கரு என்று காரணங்கள் பல. பாதிப் பேருக்குக் காரணமே தெரிவதில்லை. ஆனால் நான் சொன்னதும் இந்த எண்ணம் போய்விடாது. தூக்கமில்லாமல், பிள்ளையைப் பார்க்கவே பிடிக்காமல், அலாரம் சத்தம் வீட்டிலும் கேட்டுக்கொண்டிருந்தால் அது மனநோயின் அறிகுறி, அதற்கும் சிகிச்சை உண்டு. அப்பாக்களுக்கும் வரும். வார்டில் அழுவது அம்மா, மாடிப்படியில் அழுவது அப்பா.

கடைசியாக ஒன்று. பள்ளிக்குப் போகும் வயதில் எப்படி இருப்பார்கள்?

24, 25 வாரத்தில் பிறந்து பிழைத்தவர்களில் சுமார் பத்தில் ஒருவருக்கு, கை கால் அசைவைப் பாதிக்கும் மூளைவாதம் வருகிறது. அதிலும் நடப்பவர்கள் உண்டு. கடுமையான குறைபாடு இல்லாதவர்களே அதிகம். ஆனால் "ஒன்றுமே இல்லை, தேறிவிட்டான்" என்று முழுக்கவும் சொல்ல மாட்டேன். கவனம் நிலைக்காமை, கணக்கில் தடுமாற்றம், கை எழுத்து கோணுதல், சட்டைப் பட்டன் போடத் திணறுவது எல்லாம் நிறையப் பேருக்கு இருக்கும். மூன்று வயதில் தெரியாது, ஏழு வயதில் தெரியும். பள்ளியில் சேர்க்கும்போதே ஆசிரியரிடம் 25 வாரத்தில் பிறந்தவன் என்று சொல்லிவிடுங்கள். பலர் மறைக்கிறார்கள், அப்புறம் பையனுக்குச் சோம்பேறி என்று பெயர் வந்துவிடுகிறது.