சிவப்புக் கல்லைப் புளி போட்டுத் தேய்க்கலாமா?

தென்னாப்பிரிக்காவில் டர்பன், ஜோகன்னஸ்பர்க் பக்கம் கல் சேர்க்கும் நம்மவர்கள் கேட்டவையும் என் பதில்களும்.

சாட்ஸ்வொர்த்திலிருந்து: அண்ணா, வடக்கு கேப்பில் வேலை பார்த்த மாமா கொடுத்த செர்ரிச் சிவப்புக் கல் ரோடோகுரோசைட்டாம். எப்படி உருவாகிறது?

கொடுத்து வைத்தவர் நீங்கள்! அது மாங்கனீசு கார்பனேட், அதாவது மாங்கனீசு என்ற உலோகம் சேர்ந்த கார்பனேட் கனிமம். வடக்கு கேப்பின் ஹோட்டாசெல் ஊர்ப் பக்கத்து என்சுவானிங் சுரங்கத்தில் 1970களின் கடைசியில் கிடைத்த படிகங்களுக்கு உலகமெங்கும் மவுசு. அந்தக் கலஹாரிப் பகுதியில் 200 கோடி ஆண்டுகளுக்கும் முன்பே கடலடியில் மாங்கனீசு படிந்துவிட்டது. ஆனால் அது வெறும் தாது, கறுப்பும் பழுப்பும்தான். வெகுகாலம் கழித்துப் பாறைப் பிளவுகளில் சுடுநீர் ஏறி, மாங்கனீசைக் கரைத்துக் கொண்டுபோய்ப் பொந்துகளில் இறக்கியது. கெட்டிலுக்குள் வெள்ளையாக ஒட்டுகிறதே, அதுவும் கார்பனேட்தான். அங்கே அவசரமாகப் படிவதால் வெறும் பொருக்கு. இங்கே நேரமும் இருந்தது, நீட்டி வளரக் காலி இடமும் இருந்தது. அதனால்தான் நாய்ப்பல் போன்ற கூர்முனைகள். சில நேரம் கதிர்க்கட்டு மாதிரி கொத்தாகவும் வரும். என்னைக் கேட்டால் கொத்துதான் அழகு.

பீனிக்ஸிலிருந்து: என்னுடையது வெளிர் ரோஜா நிறம். போலியா?

நிறத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. சிவப்பைத் தருவது மாங்கனீசு. அதன் இடத்தில் கால்சியம் புகுந்தால் நிறம் வெளிறும். அடிப்பக்கத்தில் கத்திமுனையால் லேசாகக் கீறிப் பாருங்கள். ரோடோகுரோசைட்டின் கடினம் பத்து வரை போகும் மோஸ் அளவுகோலில் 3.5 முதல் 4 வரைதான், கீறல் விழும். விழாவிட்டால் ரோடோனைட்டாக இருக்கலாம். அதுவும் இளஞ்சிவப்புக் கல்தான், ஆனால் கார்பனேட் இல்லை, சிலிக்கன் சேர்ந்த சிலிக்கேட், வேறு குடும்பம்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து: அம்மா பித்தளை விளக்கோடு என் கல்லையும் புளி போட்டுத் தேய்த்துவிட்டார். பளபளப்பே போய்விட்டது.

ஐயோ! அம்மாவைத் திட்டாதீர்கள். சின்ன வயதில் நானே கால்சைட்டில் (அதுவும் கார்பனேட் கல்தான்) எலுமிச்சை பிழிந்து நுரை வருவதை ரசித்தவன். எந்தப் புளிப்பும் கார்பனேட்டை அரிக்கும். போன மினுமினுப்பு திரும்பாது. பாலிஷ் போட்டால் மின்னும், ஆனால் இயற்கை முகம் போய்விடும். சேகரிப்பவர்கள் மதிக்க மாட்டார்கள். இனிமேல் பச்சைத்தண்ணீரும் மென்மையான பிரஷும் போதும். கீழே போட்டுவிடாதீர்கள், மூன்று திசையில் சுத்தமாகப் பிளக்கும்.

லெனேசியாவிலிருந்து: வெயில் படும் ஜன்னலில் வைக்கலாமா?

வேண்டாம். நாளாக நாளாக மேற்பரப்பு பழுப்பேறும். நிழலில், கண்ணாடி அலமாரிக்குள் வையுங்கள்.